தகரத்தில் ஐந்து தோட்டாக்கள்

கடையில் தொங்கும் சட்டை எனக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. என் இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் பதிந்தது. கேகாலை பஜாரில் நிலாம் என்று ஒரு தையற்காரர் இருக்கிறார். அவர் அளவெடுத்துத் தைத்தால்தான் கழுத்துப்பட்டி கோணாமல் நிற்கும். இருபது வருடமாக அவரிடம்தான் கொடுக்கிறேன். கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்த அன்று நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் அவர் தைத்ததுதான். அப்புக்காத்து ஐயா, உங்களுக்கு அது ஞாபகம் இருக்க நியாயமில்லை. அன்று நீங்கள் பழனியாண்டிக்காக வாதாடினீர்கள். நான் அரச தரப்புச் சாட்சி. நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் ஒரு பதில் சொன்னேன், நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தப் பதிலைத்தான் இப்போது கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் தருமலிங்கம். ஊர் சாவகச்சேரிப் பக்கம். கேகாலைக்கும் ரம்புக்கனைக்கும் நடுவில் வெரளுகொல்லை என்ற இறப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இராது. கந்தோர் அலுமாரியில் எந்தக் கடுதாசியைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் அவசரத்திலோ மறதியிலோ பிழை விடுகிறவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பெரிய துரையிடம் ஒரு ரைபிள் இருந்தது. கடையில் புதுத் தோட்டா கிடைக்காத காலம் அது. வெடித்த பித்தளைக் கோதுகளை எறியாமல் பொறுக்கி வைத்து, மறுபடி மருந்தும் ஈயமும் வைத்து நிரப்பித்தான் பாவிக்க வேண்டும். அதற்கு நிதானமான கை வேண்டும் என்று துரை அந்த வேலையை என்னிடம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்து, கந்தோர் மேசையில் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு செய்வேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணித்தியாலங்கள்தான் கிழமையிலேயே எனக்குப் பிடித்தவை.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. வெடிக்கும்போது பித்தளைக் கோது ஒரு மயிரிழை வீங்கும். துப்பாக்கிக்குள் தான் உட்கார்ந்திருந்த அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதே கோதை நிரப்பி அதே துப்பாக்கியில் போட்டால், நிலாம் தைத்த சட்டை எனக்கு நிற்பதுபோல நிற்கும். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடும்போது விரலுக்கு ஒரு சின்ன இறுக்கம் தெரியும். ஈயம் குழலுக்குள் நேராக நுழையும், நேராகப் போகும். கோது தளர்ந்திருந்தால் அப்படி இல்லை. அறைக்குள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். ஈயம் புறப்படும்போதே கோணிப் புறப்படும். பத்து அடியில் அந்தக் கோணல் தெரியாது. எண்பது கெஜத்தில் நாலு விரற்கடை, ஐந்து விரற்கடை விலகும். சில வேளை ஒரு சாண்கூட விலகும். கேட்பதற்குச் சின்னக் கணக்குத்தான்.

ஒவ்வொரு தடவை நிரப்பியதும் ஃபெக்டரிக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் தாள் ஒட்டி மூன்று வெடி வைத்துப் பார்ப்பேன். துப்பாக்கியை மணல்மூட்டையில் கிடத்திச் சுடுவதால் அதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. நன்றாக அமைந்த தோட்டா என்றால் மூன்று ஓட்டையையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடிவிடலாம். தாளின் மூலையில் என்ன தேதி, எத்தனை கெஜம், எதற்காக நிரப்பியது என்று குறித்துக் கோவையில் போட்டுவைப்பேன். அந்தக் கோவைத் தாள்களை நீங்களும் கோர்ட்டில் புரட்டிப் பார்த்தீர்கள்.

இனிப் பழனியாண்டி. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் இறப்பர்ப் பால் வெட்டுகிறவன். மெலிந்த ஆள், பேச்சுக் குறைவு. அவனைப் போலச் சுடுகிறவன் அந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலும் இல்லை. கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் அது அவனோடு பிறந்ததுபோல அடங்கியிருக்கும். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைக் கிளறி நாசம் பண்ணும்போதெல்லாம் துரை அவனைத்தான் கூப்பிடுவார். நான் நிரப்புவேன், அவன் சுடுவான், பன்றி விழும். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்குத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். துரைக்கு அன்று உற்சாகம். ஒரு கட்டையில் தேங்காயை வைத்து, என்னை ஒரு வெடி வைக்கச் சொன்னார். ஸ்டாஃப் குடும்பங்கள் எல்லாம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்; என் மனைவியும், அப்போது பதினொரு வயதான என் மகள் ரதியும் முன்வரிசையில். நின்றபடி சுட்டு எனக்குப் பழக்கமில்லை. நான் வைத்த வெடி படவில்லை. துரை துப்பாக்கியைப் பழனியாண்டியிடம் கொடுத்தார். அவன் சுட்டான், தேங்காய் சிதறியது. துரை தன்னுடைய தோட்டத்துத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கிளாக்கர் சமைக்கிறது, பழனியாண்டி சாப்பிடுறது."

எல்லாரும் சிரித்தார்கள். ரதியும் சிரித்தாள், குழந்தைதானே. அன்றிலிருந்து தொழிலாளர் லயத்தில் எனக்குச் 'சமையல் கிளாக்கர்' என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தைத் தாண்டிப் போகும்போது முதுகுக்குப் பின்னால் காதில் விழும். சபை நடுவில் சமையற்காரன் ஆக்கப்படுவது எங்கள் ஊரில் ஒருவனுக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நான் கோபப்படவில்லை. பழனியாண்டியும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். போகும்போது ஒரு பை நிறைய வெறுங்கோதுகளை எங்கள் துரைக்குக் கொடுத்தார். அதே பெயர் ரைபிள், அதே அளவு. ஆனால் அவை வேறொரு துப்பாக்கிக்குள் வெடித்தவை. எங்கள் துப்பாக்கியில் நுழையவில்லை. அச்சில் வைத்து நசுக்கினேன். அளவுக்கு மேல் நசுங்கின. இப்போது நுழைந்தன, ஆனால் உள்ளே லொடலொடவென்று கிடந்தன. அடுத்தவன் சட்டையைப் பிடித்துத் தைத்தால் அப்படித்தான் இருக்கும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது பங்களாவுக்கு, மிச்சம் லயத்துக்கு. அரிசியும் அப்படித்தான், மருந்தும் அப்படித்தான், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. அதனால் நல்ல தோட்டாக்களைத் துரையின் கிளப் போட்டிக்கு என்று ஒதுக்கி, தளர்ந்தவற்றைப் பழனியாண்டிக்கு என்று ஒதுக்கினேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதுதான்.

ஆவணியில் பன்றித் தொல்லை அதிகமாகி, துரை ஒரு வேட்டை ஒழுங்கு பண்ணினார். வெளித்தோட்டங்களிலிருந்து நாலு துரைமார் பார்க்க வந்திருந்தார்கள். பழனியாண்டியின் குறியைப் பற்றி அவர்களிடம் நம்முடைய துரை அளந்துவிட்டிருந்தார். ஞாயிறு காலை பத்து மணி. ஆட்கள் மலையின் அந்தப் பக்கத்திலிருந்து தப்பும் தகரமும் அடித்துக்கொண்டு இறங்கி வரவேண்டும். பன்றி இந்தப் பக்கம் ஓடி வரும். ஓடை வாயில் பழனியாண்டி நிற்பான். ஐந்து தோட்டாவைச் சிகரெட் தகரத்தில் போட்டு நானே அவன் கையில் கொடுத்தேன்.

"அஞ்சும் நல்லதுங்களாய்யா?" என்று கேட்டான். எப்போதும் கேட்பான். அது அவன் வழக்கம்.

"என்ரை கையாலை நிரப்பினது. பிறகென்ன?" என்றேன்.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

ஒரே ஒரு வெடி. பன்றி பெரியது, பள்ளத்தில் குறுக்கே ஓடியதை ஓடைப் பக்கம் நின்றதால் நானும் பார்த்தேன், துரைமார் நின்ற மேட்டிலிருந்து மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அது ஓடிக்கொண்டே போய்விட்டது. பின்னால் இருந்த பன்னைச்செடிப் புதருக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தான். அழகமுத்து. தப்படிக்கிறவர்களில் மற்றவர்களைவிட முன்னுக்கு வந்துவிட்டவன். ஈயம் பன்றியில் பட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். பன்றியை நாலு விரற்கடையில் தப்பவிட்டதால் அது அழகமுத்துவின் நெஞ்சு வரைக்கும் போனது. ஆஸ்பத்திரி லொறி வருமுன்னே முடிந்துவிட்டது. பழனியாண்டி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

அதோடு போயிருந்தால் விபத்து என்று முடிந்திருக்கும். ஆனால் அந்த இருவருக்கும் லயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பலாமரத்தைப் பற்றிச் சண்டை. அதற்கு முந்திய கிழமைதான் பழனியாண்டி பத்துப் பேர் கேட்க "உன்னைப் பாத்துக்கிறேன்டா" என்று சொல்லியிருந்தான். தோட்டத்தில் ஒருவனுக்கொருவன் நாளைக்கு நாலு தரம் சொல்லுகிற பேச்சு. பொலிசுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தமாதிரி. பன்றியைக் கண்ட சாட்சி யாரும் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பொலிஸ் வருவதற்கு முன்னால் அந்தத் தகரம் என் கைக்கு வந்தது. மிச்சம் நாலு தோட்டா. அவற்றை எடுத்துவிட்டு, நல்லவை நாலை அந்த இடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது யோசித்ததாக ஞாபகம் இல்லை. கை தன் பாட்டில் செய்தது. பிறகு அரசாங்கத்து நிபுணர் அந்த ரைபிளால் அந்த நாலையும் சுட்டுப் பார்த்து, குறி மிகச் சுத்தம் என்று அறிக்கை கொடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

கோர்ட்டில் நீங்கள் என்னிடம் கேட்டது, தோட்டாவின் பிழையால் குறி தப்பியிருக்க இடம் உண்டா என்று. நல்ல கேள்வி. அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் அந்தக் கேள்வியின் அருமை தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. "இந்தத் தோட்டத்தின் தோட்டா ஒவ்வொன்றும் என் கையால் நிரப்பியது, சுட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே கொடுப்பதில்லை" என்று சொல்லி, கோவையிலிருந்து பதினாறு தாள்களை எடுத்து நீட்டினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அப்படிப்பட்ட துப்பாக்கி எண்பது கெஜத்தில் பன்றியைத் தவறவிடாது என்று யூரிமார் நினைத்ததில் பிழையில்லை. தவறவில்லை என்றால், பட்ட இடம்தான் குறி பார்த்த இடம். மரண தண்டனை விதித்தார்கள். பிறகு ஆயுட்சிறையாக மாற்றினார்கள். என் வாக்குமூலத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒரு சொல் பொய் இராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். மயிரிழையை மறைப்பதற்குச் சோறுகூடத் தேவையில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சில் அல்ல, கையில்தான் வந்தது. தோட்டா நிரப்புவதை விட்டேன். எழுபத்தொன்றில் கிளர்ச்சி வந்து, துப்பாக்கிகளையெல்லாம் அரசாங்கம் வாங்கிக்கொண்டபோது நிம்மதியாக இருந்தது. ஆனால் பழனியாண்டியின் பெண்சாதி ஜெயம்மா என்னை விடவில்லை. விடவில்லை என்பது சரியான சொல் அல்ல. பாவம், அவளுக்கு வேறு யாரும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கந்தோர் வாசலில் வந்து நிற்பாள், கருணை மனு எழுதித் தரச் சொல்லி. ஏழு மனு எழுதினேன். அந்த ஆங்கிலத்தை வாசித்தால் கல்லும் கரையும். அவனுடைய நல்ல நடத்தை, பிள்ளைகளின் கதி, கிழட்டு மாமியார், எல்லாம் எழுதினேன். ஒரே ஒரு வசனம் மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வசனத்துக்குரிய இடம் எது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் பந்தியின் முடிவில். அந்த இடம் வரும்போது பேனையைத் துடைத்துவிட்டு நாலாம் பந்தியைத் தொடங்குவேன். வெட்கமாக இருக்கும், ஐயா. வெட்கத்தோடுதான் கையெழுத்தை அழகாக எழுதினேன்.

அவள் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவள். ஒவ்வொரு தடவையும் ஒரு பலாப்பழம் கொண்டுவருவாள். எந்த மரத்துப் பழம் என்று நான் கேட்டதில்லை. என் வீட்டில் அதை வெட்டிச் சாப்பிட்டார்கள். எனக்குப் பலாப்பழம் வயிற்றுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் ஜெயம்மாவுக்கு இந்தியா போகும் நாள் குறித்துக் கடுதாசி வந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தப்படி எழுதிக் கொடுத்த பெயர்கள். புருஷன் ஜெயிலில் இருந்தாலும் மற்றப் பெயர்கள் போகத்தான் வேண்டும். அவன் விடுதலையானால் ஒரே கப்பலில் போகலாம் என்று எட்டாவது மனு கேட்டு வந்தாள். அப்போது இரண்டு மாதம் இருந்தது. அந்த ஒரு வசனத்தை எழுதியிருந்தால் வழக்கைத் திரும்ப எடுத்திருப்பார்கள், அல்லது போகும் நாளையாவது தள்ளிப் போட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது. ஆனால் என் மகள் ரதிக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மானமரியாதை பார்க்கிறவர்கள். கல்யாணம் முடியட்டும், அடுத்த நாளே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். பெண்ணைப் பெற்ற எவனும் அப்படித்தான் செய்வான். எட்டாவது மனுவையும் முந்தைய ஏழைப் போலவே எழுதினேன்.

அவளை ரயிலேற்ற ரம்புக்கனை ஸ்டேஷனுக்கு நானே போனேன். ஒரு தகரப்பெட்டி, இரண்டு சாக்கு, இரண்டு பிள்ளைகள். அதற்கு முந்திய கிழமை சிறையில் போய்ப் புருஷனைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வண்டி வர இன்னும் நேரமிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, அவரு உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாருங்க. அன்னைக்கு போல்ட்டு மூடுறப்ப லொடலொடன்னு இருந்துச்சாம். எப்பவும் அப்பிடி இருக்காதாம். ஆனா கிளாக்கரய்யா கைபட்ட தோட்டா தப்பா இருக்காது, நம்ம கைதான் என்னமோன்னு நெனச்சு சுட்டுட்டாராம். தப்பு தன்னோட கையிலதானாம். ஐயா மனசு சங்கடப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க."

பக்கத்திலிருந்த மர வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். இதை ஏன் அவன் அன்றைக்கே தன் அப்புக்காத்திடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஐயாவைப் போயி கோர்ட்டுல குத்தம் சொல்றதாங்க?" என்றாள்.

அவன் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தன் விரலை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறான். எட்டு வருடமாக அங்கே உட்கார்ந்துகொண்டு, அழகமுத்துவைக் கொன்றது தன் கைதான் என்று தன்னையே தின்றுகொண்டிருக்கிறான். வண்டி வந்தது. அவளும் பிள்ளைகளும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் ஏறியிருக்க மாட்டாள். பிள்ளைகளின் பயணக் கடுதாசிகள் வீணாகியிருக்கும். அவள் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். இந்த வரியை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். அடிக்க வேண்டும்போல இருக்கிறது. என் எழுத்தில் அடித்தல் இராது என்று மேலே சொல்லிவிட்டேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஜெயம்மா இப்போது ராமேஸ்வரம் தாண்டி எந்த முகாமில் இருக்கிறாளோ தெரியாது. ரதியின் கல்யாணம் போன வெள்ளிக்கிழமை நல்லபடியாக நடந்தது. நிலாம் தைத்த புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் தாரைவார்த்தேன்.

இதை நீங்கள் எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுங்கள். தோட்டாக்கள் கலந்துபோன ஒரு கவனக்குறைவு என்று நீங்கள் எழுதக்கூடும். உங்கள் நல்ல மனதுக்கு அப்படித் தோன்றும். துரைமார் முன்னால் அவன் ஒரே ஒரு தடவை தவறினால் போதும், வேறெதுவும் நான் நினைக்கவில்லை என்று நானும் உங்களிடம் சொல்லத்தான் நினைத்திருந்தேன். பன்றிக்குப் பின்னால் ஆட்கள் இறங்கி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். யார் எந்தப் பக்கமிருந்து வருவது என்று பட்டியல் எழுதியவனே நான்தான்.

துப்பாக்கி இப்போது இல்லை, கோதுகளும் இல்லை, என் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். அதற்காக ஒரு தாளை இதோடு இணைத்திருக்கிறேன். கோர்ட்டில் கொடுத்தது பதினாறு, இது பதினேழாவது. மூன்று ஓட்டை. கோப்பையால் மூட முடியாது, சோற்றுத் தட்டு வேண்டும். மூலையில் வழக்கம்போல என் கையெழுத்தில் குறித்திருக்கிறேன். தேதி, வேட்டைக்கு முந்திய சனிக்கிழமை. தூரம், எண்பது கெஜம். அதன் கீழே, 'பழனியாண்டிக்கு.'